ஸ்டெப்னி ஆட்டக்காரர்கள்: என்எஃப்எல் அணிகளின் மாற்று ஆள் கணக்கு (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

அமெரிக்கன் ஃபுட்பாலைப் புதிதாகப் பார்க்கிறவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது ஆள் கணக்கைப் பற்றித்தான். களத்தில் 11 பேர் நிற்கிறார்கள். ஓரத்தில் கல்யாண வீட்டு வாசல் மாதிரி ஒரு கூட்டமே நிற்கிறது. அவர்கள் எல்லாம் யார், அவர்களுக்கு என்ன வேலை, யாரை வைத்துக்கொள்வது என்று யார் எப்படி முடிவு செய்கிறார்கள்? அமெரிக்கன் ஃபுட்பாலின் தொழில்முறை லீகான என்எஃப்எல் பற்றி அடிக்கடி வரும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

ஓர் அணியில் உண்மையில் எத்தனை பேர்?

எந்த நாளில் கேட்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. கோடைப் பயிற்சி முகாமில் 90 பேர். ஆகஸ்ட் கடைசியில் அது 53 ஆகிவிடும். ‘ரோஸ்டர்’ என்று பொதுவாகச் சொல்வது இந்த 53 பேரைத்தான். இதற்கு வெளியே பிராக்டிஸ் ஸ்குவாட் என்று 16 பேர் உண்டு. அவர்கள் வாரம் முழுக்கப் பயிற்சியில் இருப்பார்கள், ஆட்ட நாளில் சீருடை கிடையாது. வெளிநாட்டு வீரர்களுக்கான திட்டத்தில் வந்தவர் ஒருவர் இருந்தால் 17.

ஆட்ட நாளில் இன்னொரு முறை வடிகட்டுவார்கள். 47 பேர்தான் ஆடத் தகுதியானவர்கள். அஃபென்சிவ் லைன்மேன்கள் (பந்து தன் அணியிடம் இருக்கும்போது முன்னே நின்று எதிரணியைத் தடுக்கிறவர்கள்) குறைந்தது 8 பேர் அந்தப் பட்டியலில் இருந்தால் 48. 2020ஆம் ஆண்டு தொழிலாளர் ஒப்பந்தத்துக்கு முன்பு இது 46ஆக இருந்தது.

53 பேருக்குச் சம்பளம் கொடுத்துவிட்டு ஐந்தாறு பேரை ஏன் உட்கார வைக்க வேண்டும்?

வாராவாரம் நாலைந்து பேருக்கு எங்காவது வலி இருக்கும். இந்த வாரம் ஆட முடியாது, அடுத்த வாரம் முடியும் என்ற நிலை. ஆட்ட நாளுக்கு உச்சவரம்பு இல்லையென்றால், காயம் அதிகமான அணி 45 பேரோடும் எதிரணி 53 பேரோடும் இறங்கும். அந்த ஏற்றத்தாழ்வைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு.

90 பேரை 53 ஆக்கும் நாளில் என்ன நடக்கும்?

ஓர் அணிக்கு 37 பேர் வெளியே போக வேண்டும். 32 அணிகள். கெடு முடிவதற்குள் ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வேலை இழக்கிறார்கள். முன்பு இதைக் கட்டம் கட்டமாகச் செய்தார்கள். 2023 முதல் ஒரே கெடு.

அணி அலுவலகத்தில் இந்தச் செய்தியைச் சொல்ல ஓர் ஆள் இருப்பார். ஆட்டக்காரர்கள் பேச்சில் அவருக்குப் பெயர் ‘டர்க்’. அவர் வந்து தோளைத் தட்டி, “கோச் கூப்பிடுறார், பிளேபுக்கையும் எடுத்துக்கிட்டு வா” என்பார். பிளேபுக் என்பது அணியின் நகர்வுகளெல்லாம் இருக்கும் புத்தகம், அதை எடுத்து வரச் சொன்னால் கதை முடிந்தது என்று அர்த்தம். இப்போது பிளேபுக் டேப்லெட்டில் இருக்கிறது, வாங்கி வைத்துக்கொள்வது மட்டும் மாறவில்லை.

கதை அதோடு முடிவதும் இல்லை. நான்கு சீசன் அனுபவம் சேராதவர்கள் ‘வெய்வர்’ பட்டியலுக்குப் போவார்கள். அடுத்த 24 மணி நேரத்துக்குள் எந்த அணியும் அவரைக் கேட்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட அணிகள் கேட்டால், தரவரிசையில் கீழே இருக்கும் அணிக்கு முன்னுரிமை. யாரும் கேட்கவில்லையென்றால், வெளியே அனுப்பிய அதே அணி மறுநாள் பிராக்டிஸ் ஸ்குவாடுக்கு அழைத்துக்கொள்ளும்.

அனுபவசாலிகளுக்கு அந்த நாளில் வெய்வர் கிடையாது. அதனால் ஒரு சின்ன விளையாட்டு நடக்கும். அணி ஒரு மூத்த வீரரிடம், “இன்று உன்னை விடுவிக்கிறோம், நாளை திரும்ப எடுத்துக்கொள்கிறோம், வேறு எங்கும் போய்விடாதே” என்று பேசி வைத்துக்கொள்ளும். அந்த ஒரு நாளில் அவர் இடத்தில் ஒரு காயம்பட்டவரைக் காட்டிவிட்டு, மறுநாள் அவரைக் காயப் பட்டியலுக்கு மாற்றிவிட்டு மூத்தவரைக் கூப்பிடுவார்கள். எழுத்தில் எதுவும் இருக்காது, எல்லாம் வாய்ப்பேச்சு. எல்லா நேரமும் அவர் திரும்பி வருவார் என்றும் சொல்ல முடியாது.

பேக்கப் என்றால் அந்த இடத்தில் இரண்டாவது சிறந்த ஆட்டக்காரர்தானே?

பந்தை வாங்கி எறிந்து ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கு அப்படிச் சொல்லலாம். மற்ற இடங்களுக்கு இந்த எண்ணத்தை முதலில் விட்டுவிட வேண்டும். எந்தெந்த இடத்துக்கு யார் முதலாமவர், யார் இரண்டாமவர் என்று அணிகள் வெளியிடும் பட்டியலுக்கு டெப்த் சார்ட் என்று பெயர். அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். 53 பேரில் முதல் நாற்பது பேரை ரசிகரே சொல்லிவிடலாம். பொது மேலாளருக்குத் தூக்கம் போவது கடைசிப் பத்து இடங்களில்தான். அங்கே கேட்கப்படும் கேள்வி ஒன்றே ஒன்று: ஞாயிற்றுக்கிழமை சீருடை கொடுத்தால் இந்த ஆள் எத்தனை வேலை செய்வார்?

ஐந்தாவது வைடு ரிசீவரை, அதாவது எறிந்த பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கிறவரை, எடுத்துக்கொள்வோம். பந்து பிடிக்க அவருக்கு வாய்ப்பே வராது. ஆனால் ஆட்டத்தைத் தொடங்கும் உதையான கிக்-ஆஃபில் ஓட வேண்டும், பன்ட் (பந்தை எதிரணிக்கு விட்டுக்கொடுக்கும் தூர உதை) உதைத்ததும் முதல் ஆளாகப் போய் எதிராளியைச் சாய்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஸ்பெஷல் டீம்ஸ் என்று பெயர். அதில் உதவாத ஐந்தாவது ரிசீவர், நான்காவது ரிசீவரைவிட அரை நொடி வேகமாக ஓடினாலும் வீட்டுக்குத்தான் போவார்.

மேத்யூ ஸ்லேட்டர் இதற்கு உச்ச உதாரணம். நியூ இங்கிலாந்து பேட்ரியாட்ஸ் பட்டியலில் வைடு ரிசீவர் என்று போட்டிருப்பார்கள். 16 சீசனில் அவர் பிடித்த பாஸ் ஒன்று. ஆனால் ஸ்பெஷல் டீம்ஸ் ஆட்டத்துக்காக சீசனின் சிறந்த வீரர்களுக்கான ப்ரோ பவுலுக்கு 10 முறை தேர்வானார்.

அப்படியானால் எல்லா பேக்கப்பும் ஒரே மாதிரியா?

இல்லை. என் கணக்கில் இரண்டு வகை உண்டு. சிலர் முறை மாற்றி ஆடுகிறவர்கள். தடுப்பாட்டத்தின் முன்வரிசையான டிஃபென்சிவ் லைனில் எட்டு ஒன்பது பேர் இருந்தால், 130 கிலோ உடம்போடு ஒவ்வொரு ஸ்னாப்பும் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும்) முட்டி மோத முடியாது என்பதால் மாறி மாறித்தான் இறங்குவார்கள். ஏழாவது ஆளுக்கும் ஒரு ஆட்டத்தில் இருபது ஸ்னாப் கிடைக்கும். பந்தோடு ஓடும் ரன்னிங் பேக்கும் ஏறக்குறைய அப்படித்தான். இவர்களைப் பேக்கப் என்பதே சரியில்லை.

மற்றவர்கள் நிஜமான ஸ்டெப்னி. குவார்ட்டர்பேக், அஃபென்சிவ் லைனின் நடுவில் நிற்கும் சென்டர், அதன் இரண்டு ஓரத்தில் நிற்கும் டேக்கிள் ஆகிய இடங்களில் எல்லாம் சரியாக நடந்தால் பேக்கப்புக்கு வேலையே இருக்காது. சீசன் முழுக்க டிக்கியில் கிடப்பார்கள். பஞ்சர் ஆன பிறகு திறந்து பார்த்தால் அதிலும் காற்று இல்லை என்பது பல அணிகளின் கதை.

அஃபென்சிவ் லைனுக்கு மட்டும் ஏன் தனிச் சலுகை? எட்டுப் பேர் இருந்தால் ஒரு இடம் கூடுதல் என்கிறார்களே?

அந்த வரிசையில் ஐந்து பேர் ஆடுகிறார்கள். முன்பெல்லாம் ஏழு பேரை மட்டும் சீருடையில் வைத்துக்கொண்டு அணிகள் சமாளித்தன. ஐந்து இடத்துக்கு இரண்டு மாற்று. ஒரே ஆட்டத்தில் மூன்று பேர் காயப்பட்டால் குவார்ட்டர்பேக்கின் உயிருக்கே ஆபத்து. எட்டாவது ஆளை வைத்தால் 48ஆவது இடம் இலவசம் என்று ஆசை காட்டித்தான் அணிகளை இதற்குச் சம்மதிக்க வைத்தார்கள்.

இங்கேயும் ஒருவர் பல வேலை செய்தாக வேண்டும். இடது, வலது இரண்டு பக்கமும் டேக்கிள் ஆடக்கூடியவரை ‘ஸ்விங் டேக்கிள்’ என்பார்கள். கேட்க எளிதாக இருக்கும். பக்கம் மாறினால் பின்னே வைக்கும் கால் மாறுகிறது, முதலில் நீட்டும் கை மாறுகிறது. வாழ்நாள் முழுக்க வலது கையால் சாப்பிட்டவரை இடது கையால் ரசம் சாதம் சாப்பிடச் சொல்வது போல. உள்வரிசைக்கான மாற்று ஆள் சென்டர், அவருக்குப் பக்கத்தில் நிற்கும் கார்டு இரண்டும் ஆடியாக வேண்டும். அதிலும் சென்டர்தான் பந்தைப் பின்னால் கொடுத்து, யார் யாரைத் தடுப்பது என்று கூவுகிறவர்.

இது சரிந்தால் என்ன ஆகும் என்பதை 2021 பிப்ரவரியில் லீகின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுலில் உலகமே பார்த்தது. கான்சாஸ் சிட்டி சீஃப்ஸின் வலது டேக்கிள் மிட்செல் ஷ்வார்ட்ஸ் முதுகு வலியால் ஏற்கெனவே வெளியே. இடது டேக்கிள் எரிக் ஃபிஷர் முந்தைய ஆட்டத்தில் குதிகால் தசைநாண் அறுந்து வெளியே. வலது பக்கம் ஆடிக்கொண்டிருந்த மைக் ரெமர்ஸ் இடது பக்கம் போனார். கார்டான ஆண்ட்ரூ வைலி வலது டேக்கிள் ஆனார். ஓர் ஓட்டையை அடைக்க இரண்டு இடத்தைக் கலைத்தார்கள். பேட்ரிக் மஹோம்ஸ் அன்று பந்து வீசியதைவிட உயிர் தப்ப ஓடியதுதான் நினைவில் நிற்கிறது. டாம்பா பே 31-9 என்று ஜெயித்தது. லீகின் தலைசிறந்த குவார்ட்டர்பேக் இருந்தும் ஒரு டச் டவுன்கூட (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது) வரவில்லை.

குவார்ட்டர்பேக் இரண்டு பேர் போதுமா, மூன்று பேர் வேண்டுமா?

பல ஆண்டுகளாக அணிகள் இரண்டு போதும் என்றுதான் நினைத்தன. மூன்றாமவருக்கு ஸ்பெஷல் டீம்ஸ் வேலை கொடுக்க முடியாது, அதனால் அவர் ஓர் இடத்தை அடைத்துக்கொண்டு சும்மா நிற்பவர் ஆகிவிடுகிறார். 1991 முதல் 2010 வரை மூன்றாம் குவார்ட்டர்பேக்குக்குத் தனி விதி இருந்தது. 2011இல் அதை எடுத்துவிட்டார்கள்.

விலை கொடுத்தது சான் ஃபிரான்சிஸ்கோ. 2022 சீசனில் அவர்களுடைய முதல் குவார்ட்டர்பேக் ட்ரே லான்ஸ் காயம், இரண்டாமவர் ஜிம்மி கரோப்போலோ காயம். மூன்றாவதாக வந்த பிராக் பர்டி, அணிகள் முறைவைத்துப் புதிய வீரர்களை எடுக்கும் டிராஃப்டில் அந்த ஆண்டு கடைசி ஆளாக, 262ஆவதாகத் தேர்வானவர். அவர் ஜெயித்துக்கொண்டே வந்தார். 2023 ஜனவரி 29, பிலடெல்பியாவில் சூப்பர் பவுலுக்கு முந்தைய ஆட்டம். தொடக்கத்திலேயே பர்டியின் முழங்கையில் அடி. நான்காமவர் ஜாஷ் ஜான்சன் வந்தார். மூன்றாம் கால்பகுதியில் அவருக்குத் தலையில் அடி. வேறு ஆள் இல்லாததால் பர்டி திரும்ப வந்தார், கையோ பந்தைத் தூர எறிய மறுத்தது. பந்தை வாங்கி ஓட்டக்காரரிடம் கொடுப்பதுதான் அவரால் முடிந்தது. பிலடெல்பியா ஈகிள்ஸ் ஜெயித்தது 31-7.

அந்த மே மாதமே விதி திரும்ப வந்தது. இப்போது 48 பேருக்கு வெளியே ஓர் அவசர மூன்றாம் குவார்ட்டர்பேக்கை வைத்துக்கொள்ளலாம். முதல் இருவரும் காயத்தாலோ வெளியேற்றப்பட்டோ ஆட முடியாத நிலையில் மட்டுமே அவர் வரலாம். சரியாக ஆடவில்லை என்பதற்காக ஒருவரை உட்கார வைத்துவிட்டு இவரைக் கூப்பிட முடியாது.

ஒருவர்கூட இல்லாமல் போனால்?

அதுவும் நடந்திருக்கிறது. 2020 நவம்பரில் டென்வர் பிராங்கோஸ் அணியில் ஒரு குவார்ட்டர்பேக்குக்குக் கொரோனா. மற்ற மூவரும் அவரோடு முகக்கவசம் இல்லாமல் இருந்ததால் அவர்களுக்கும் தடை. ஆட்டத்துக்கு முந்தைய நாள் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்த கெண்டல் ஹின்டன் என்ற ரிசீவரைக் கூப்பிட்டார்கள். கல்லூரியில் குவார்ட்டர்பேக் ஆடியவர் என்பதுதான் தகுதி. நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸுக்கு எதிராக 9 முறை எறிந்தார், ஒன்று சேர்ந்தது, 13 யார்டு. இரண்டை எதிரணி பிடித்தது. தோல்வி 31-3. அவர் மேல் யாருக்கும் கோபம் வரவில்லை. எனக்கும்தான்.

பேக்கப் குவார்ட்டர்பேக் எப்போது பயிற்சி எடுக்கிறார்?

பெரும்பாலும் எடுப்பதே இல்லை. புதன், வியாழன், வெள்ளிக்கிழமைப் பயிற்சியில் முதல் வரிசையோடு ஆடும் வாய்ப்பெல்லாம் முதலாமவருக்கே. பேக்கப் அந்த நேரத்தில் ஸ்கவுட் டீமில் நின்று, வரும் ஞாயிறு எதிரணிக் குவார்ட்டர்பேக்காக வேடம் போடுகிறார். உதவிப் பயிற்சியாளர் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டுவார். அதில் எதிரணியின் நகர்வு வரைந்திருக்கும். அதைப் பார்த்து அப்படியே ஆடிக் காட்ட வேண்டும். ஆக, தன் அணியின் ஆட்டத்தைவிட எதிரணியின் ஆட்டத்தைத்தான் அவர் அதிகம் ஆடுகிறார்.

இந்த நிலையில் இருந்து ஜெயித்ததால்தான் நிக் ஃபோல்ஸ் கதை இன்னும் பேசப்படுகிறது. ஒரு கட்டத்தில் ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தவர். 2017 டிசம்பரில் கார்சன் வென்ட்ஸின் முழங்கால் தசைநார் கிழிந்ததும் ஈகிள்ஸுக்கு முதலாமவரானார். 2018 பிப்ரவரியில் பேட்ரியாட்ஸை 41-33 என்று வென்று சூப்பர் பவுலின் சிறந்த வீரரும் ஆனார்.

அதிர்ஷ்டம் என்று சொல்லிவிடலாம், ஆனால் அந்த அணியின் தலைமைப் பயிற்சியாளர் டக் பீடர்சன் கிரீன் பேயில் பிரெட் ஃபாவ்ருக்குப் பேக்கப்பாக இருந்தவர். அஃபென்ஸ் ஒருங்கிணைப்பாளர் ஃபிராங்க் ரைக், 1993 ஜனவரியில் பஃபலோவுக்காகப் பேக்கப்பாக இறங்கி 32 புள்ளி பின்தங்கிய ஆட்டத்தை 41-38 என்று திருப்பியவர். ஓரத்தில் நிற்கும் ஆளுக்கு எது கை வரும், எது வராது என்பது இருவருக்கும் தெரியும். வென்ட்ஸுக்குப் போட்ட திட்டத்தை ஃபோல்ஸ் தலையில் கட்டாமல், அவருக்குப் பழக்கமான நகர்வுகளுக்கு மாறினார்கள்.

காயம்பட்டவருக்குப் பதில் புது ஆளை எடுக்க இடம் எங்கிருந்து வரும்?

இன்ஜர்ட் ரிசர்வ் என்ற பட்டியல் உண்டு. அதில் சேர்த்தால் அவர் 53இல் கணக்கில்லை, இடம் காலி. ஆனால் குறைந்தது நான்கு ஆட்டம் திரும்ப வர முடியாது. ஒரு சீசனில் எட்டு முறைதான் அப்படித் திரும்ப அழைக்கலாம். அதனால் மூன்று வாரக் காயம் என்றால் அணிக்குத் தலைவலி. சேர்த்தால் ஒரு வாரம் வீண், சேர்க்காவிட்டால் மூன்று வாரம் ஓர் இடம் வீண். மருத்துவர் ‘மூன்று முதல் ஐந்து வாரம்’ என்று சொன்னால் அதை எப்படிப் படிப்பது என்பதே ஒரு கலை.

பிராக்டிஸ் ஸ்குவாடில் இருப்பவரை இன்னொரு அணி தூக்கிக்கொண்டு போகலாமா?

போகலாம். ஆனால் நேராகத் தன் 53இல் சேர்க்க வேண்டும், மூன்று வாரச் சம்பளத்துக்காவது பொறுப்பேற்க வேண்டும். சொந்த அணியிலேயே ஆட வைக்க ‘எலிவேஷன்’ என்ற வழி இருக்கிறது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு பேரை உயர்த்தி, ஆட்டம் முடிந்ததும் பழைய இடத்துக்கே அனுப்பலாம். சீசனில் ஒருவருக்கு மூன்று முறைதான். நான்காவது முறை வேண்டுமென்றால் 53இல் சேர்த்துத்தான் ஆக வேண்டும்.

பண விஷயத்தில் இது எப்படி?

2025இல் ஓர் அணியின் சம்பள உச்சவரம்பு 27.92 கோடி டாலர். டல்லஸின் டாக் பிரெஸ்காட் ஆண்டுக்கு சராசரியாக 6 கோடி வாங்குகிறார். இப்படி நாலைந்து பேருக்குக் கொடுத்த பிறகு, மாற்று ஆட்களெல்லாம் முதல் ஒப்பந்தத்தில் இருக்கும் இளைஞர்களாகத்தான் இருக்க முடியும். அதே ஆண்டில் புதியவருக்குக் குறைந்தபட்சச் சம்பளம் 8.4 லட்சம் டாலர். பிராக்டிஸ் ஸ்குவாடில் புதியவர் அப்போது வாங்கியது வாரத்துக்கு 13,000 டாலர். டிராஃப்டின் கடைசிச் சுற்றுகளில் நன்றாகத் தேர்வு செய்யும் அணிகளுக்கே பின்வரிசை பலமாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கிக்கர், பன்டர், லாங் ஸ்னாப்பர் ஆகியோருக்கு மாற்று உண்டா?

கிடையாது. மூன்று வேலைக்கு மூன்று பேர், அவ்வளவுதான். ஆறு பேரை வைக்க எந்த அணிக்கும் இடமில்லை.

லாங் ஸ்னாப்பர் என்பவர் குனிந்து, கால்களுக்கு நடுவே பந்தைப் பதினைந்து யார்டு பின்னால் நிற்கும் பன்டரின் கைக்கு அனுப்புகிறவர். அவர் பெயர் யாருக்கும் தெரியாது, தெரிந்தால் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று பொருள். 2008 அக்டோபரில் பிட்ஸ்பர்க் அணியின் கிரெக் வாரன் நியூயார்க் ஜயன்ட்ஸ் ஆட்டத்தில் முழங்காலில் அடிபட்டு வெளியேறினார். “நான் செய்கிறேன்” என்று முன்வந்தவர் ஜேம்ஸ் ஹாரிசன். அந்த ஆண்டு லீகின் சிறந்த தடுப்பாட்டக்காரர் விருது பெற்ற அதே ஹாரிசன். அவர் அனுப்பிய பந்து பன்டரின் தலைக்கு மேலே பறந்து, களத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஜோனைத் தாண்டி வெளியே போனது. எதிரணிக்கு இரண்டு புள்ளி, ஸ்கோர் 14-14. கடைசியில் ஜயன்ட்ஸ் 21-14.

மறுபக்கமும் உண்டு. 2023 நவம்பரில் ஹூஸ்டன் கிக்கர் காயப்பட, டேரே ஒகுன்போவாலே என்ற ரன்னிங் பேக் 29 யார்டு ஃபீல்டு கோல் உதைத்தார். மூன்று புள்ளி. அந்த ஆட்டத்தை ஹூஸ்டன் ஜெயித்தது 39-37 என்று, இரண்டே புள்ளி வித்தியாசத்தில்.

மாற்று ஆளே இல்லாமல் மொத்தச் சீசனும் போன அணி உண்டா?

2011 இண்டியானபோலிஸ் கோல்ட்ஸ். குவார்ட்டர்பேக் பெய்டன் மேனிங் 1998இல் வந்ததிலிருந்து ஓர் ஆட்டம்கூடத் தவறாமல், தொடர்ந்து 208 லீக் ஆட்டங்களில் முதலாமவராக இறங்கியவர். ஸ்டெப்னி இருக்கிறதா என்று பார்க்கும் பழக்கமே அந்த அணிக்கு விட்டுப்போனது. கழுத்து அறுவை சிகிச்சையால் அவர் உட்கார்ந்ததும், ஓய்வு பெற்ற கெர்ரி காலின்ஸை அவசரமாக அழைத்து வந்தார்கள். முதல் 13 ஆட்டமும் தோல்வி, முடிவில் 2-14.

இதற்கு நேர்மாறு 2023 கிளீவ்லாண்ட். ஐந்து குவார்ட்டர்பேக்குகளை இறக்க வேண்டி வந்தது. அதில் நான்காமவர் நவம்பரில் வேலை இல்லாமல் வீட்டில் இருந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோ. ஐந்து ஆட்டத்தில் நான்கை ஜெயித்தார், அணி பிளேஆஃப் போனது. தடுப்பாட்டம் அவ்வளவு பலமாக இருந்ததும் ஒரு காரணம், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை.

காயம் ஆறியதும் பழையவருக்கு இடம் திரும்பக் கிடைக்குமா?

எழுதப்படாத வழக்கம், கிடைக்கும் என்பதுதான். அதை உடைத்த பெயர் எல்லோருக்கும் தெரியும். 2001 மார்ச்சில் பேட்ரியாட்ஸ் தன் குவார்ட்டர்பேக் ட்ரூ பிளெட்ஸோவுடன் பத்து ஆண்டு ஒப்பந்தம் போட்டது. செப்டம்பரில் ஜெட்ஸ் வீரர் மோ லூயிஸ் மோதியதில் அவருக்கு உள்காயம். உள்ளே வந்தவர் 2000 டிராஃப்டில் 199ஆவதாகத் தேர்வான டாம் பிரேடி. முந்தைய ஆண்டு அந்த அணி நான்கு குவார்ட்டர்பேக்குகளை வைத்திருந்தது, நான்காமவர் அவர். ஓர் இடத்தை வீணாக்குகிறார்கள் என்று அன்று யாராவது சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.

பிளெட்ஸோ குணமாகி வந்த பிறகும் பயிற்சியாளர் பில் பெலிசிக் பிரேடியையே ஆட வைத்தார். ஆனால் 2002 ஜனவரியில் பிட்ஸ்பர்க்கில் நடந்த அரையிறுதியில் பிரேடியின் கணுக்காலில் அடி. இப்போது பேக்கப்பாக உள்ளே வந்தவர் பிளெட்ஸோ. வந்த வேகத்தில் டேவிட் பேட்டனுக்கு ஒரு டச் டவுன் எறிந்தார். 24-17 என்று ஜெயித்து அணியைச் சூப்பர் பவுலுக்கு அனுப்பிவிட்டு, அந்த ஆட்டத்தை ஓரத்தில் நின்று பார்த்தார்.

ஆட்டம் பார்க்கும்போது இதையெல்லாம் எங்கே கவனிப்பது?

ஆட்டம் தொடங்க 90 நிமிடம் இருக்கும்போது, அன்று ஆடாதவர்கள் பட்டியல் வெளிவரும். அதில் காயமில்லாத ஓர் இளம் ரிசீவர் பெயர் இருந்தால், அவர் ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளரின் மனதில் இடம் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் முதல் கிக்-ஆஃபில் பந்தைப் பார்க்காமல் ஓடுகிறவர்களின் எண்களைப் பாருங்கள். அந்தப் பத்துப் பேரில் பாதிப்பேர் பெயரை டெப்த் சார்ட்டின் மூன்றாவது வரியில்தான் தேட வேண்டியிருக்கும்.